தேயிலை மலையும் கிள்ளான் சைக்கிளும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் போனவர்களுக்குத் தெரியும், அது வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் பயணம். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு அருகே வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டு, ஆளுக்கொரு எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டே மறுபடி ஏறினோம். ரிங்லெட் வந்ததும் சில்லென்று காற்று. "இங்கே காற்றாடி இல்லாமலே தூங்கலாமா, அப்பா?" என்று கேட்டாள் சின்னவள். கிள்ளான் வெயிலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கேட்கத்தானே செய்வாள்!

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து போனார். மலைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செமாய் மக்கள் இங்கே குடியிருந்தார்கள் என்பதை எந்தப் பெயர்ப்பலகையும் சொல்வதில்லை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தார் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். தாப்பாவிலிருந்து சாலை வந்தது 1931-இல். ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் கூலியாட்களும் சேர்ந்து காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கிய கதையை இங்கே பெருமையாகச் சொல்வார்கள். கழுதைகளுக்கும் பெயர் இல்லை, கூலியாட்களுக்கும் பெயர் இல்லை. அந்த ஆட்களில் பெரும்பாலோர் நம் பாட்டன் பூட்டன்மார்தாம்.

ஹாபுவைத் தாண்டித் தோட்டத்துக்குத் திரும்பும் சாலை மிகக் குறுகல். எதிரே ஒரு கார் வந்துவிட்டால் யார் பின்வாங்குவது என்று ஒரு பஞ்சாயத்தே நடக்கும். ஆனால் அந்தத் திருப்பம் முடிந்து பள்ளத்தாக்கு கண்ணில் பட்டதும் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். பச்சைக் கம்பளம் என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நானும் ஏன் எழுத வேண்டும்? நான் பார்த்தது வேறு. மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே தொழிற்சாலை. எல்லாவற்றுக்கும் கீழே, மேகம் இறங்கித் தங்குகிற இடத்தில், லயத்து வீடுகளும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும். யார் யாருக்கு மேல் என்பதை இந்த மலையே எழுதிக் காட்டுகிறது.

பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் ஒரு பாட்டியைச் சந்தித்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். சிறுவயதில் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம்.

"அப்பல்லாம் எப்படி இருந்தது, பாட்டி?" என்று கேட்டேன்.

"குளுருதான் தம்பி, வேற என்ன?" என்று சிரித்தார். பிறகு, "தொர வண்டி வந்தா ரோட்டை விட்டு எறங்கி ஓரமா நிக்கணும். கூடை நெறைய கொழுந்து இருக்கும், ஓரத்துல பள்ளமா இருக்கும். ஆனாலும் எறங்கித்தான் நிக்கணும். எங்கம்மா சொல்லிக் கொடுத்தது அது" என்றார்.

இறங்கி நிற்பது! இந்தச் சொல் எங்கள் கிள்ளான் மண்ணுக்கு நன்றாகத் தெரிந்த சொல். மலையில் உயரம் தானாக இருக்கிறது. கிள்ளானோ தட்டையான பூமி, எங்கு பார்த்தாலும் கித்தா மரம். அங்கே துரையை உயர்த்திக் காட்ட மேடு கிடையாது. அதனால் தொழிலாளியைத் தாழ்த்தினார்கள். சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். வெள்ளைக்காரர் முன்னால் மட்டுமல்ல, தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்த ஆசிய உத்தியோகஸ்தர் முன்னாலும்தான்.

சைக்கிள் அந்தக் காலத்தில் லேசான பொருளா? நாளெல்லாம் பால் வெட்டினால் ஆணுக்குச் சுமார் 50 காசு, பெண்ணுக்கு அதிலும் குறைவு. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி. அந்தக் காசில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதக்கணக்கில் சேர்த்து வாங்கிய வண்டி அது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது அவன் வெறும் ஆள்கணக்கு. சைக்கிள் மேல் உட்கார்ந்தால்தான் அவன் ஒரு மனிதன். அதிலிருந்துதான் இறங்கச் சொன்னார்கள்.

1941-இல் கிள்ளான் தோட்டங்கள் விழித்துக்கொண்டன. யுத்தத்தால் ரப்பருக்குக் கிராக்கி, அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பேரால் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரைக் கூட்டினார். மார்ச் மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏப்ரலில் கூலியில் சில காசு ஏறியது. அதோடு அடங்கிவிடுவார்கள் என்று துரைமார் நினைத்தார்கள்.

அடங்கவில்லை. அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சீனருக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, ஒழுங்கான மருத்துவம். கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை மாற்றித் தமிழ் தெரிந்தவரை வைப்பது. நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை. சங்கம் வைக்கவும் பேசவும் கூடவும் உரிமை. கள்ளுக்கடையை மூடுவது. (கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தொழிலாளியே கேட்டான் என்பதை, நம்மைக் குடிகாரர் என்று ஏசுகிறவர்கள் கொஞ்சம் குறித்துக்கொள்ளட்டும்.) இவற்றோடு சேர்த்து ஒன்று: எவர் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

இதைப் படித்துச் சிரித்த அதிகாரிகள் இருந்திருப்பார்கள். கூலியைக் கேட்டால் கணக்குப் பார்த்து நாலு காசு கொடுத்து முடிக்கலாம். மரியாதைக்கு எந்தக் கணக்கைப் பார்ப்பது? என் எண்ணத்தில், அவர்களை உண்மையில் கலங்கவைத்தது இந்தச் சைக்கிள்தான்.

மே 5-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர் திரண்டார்கள். வேலைநிறுத்தம் காட்டுத்தீபோல் சிலாங்கூரில் பரவி ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகவில்லை. போலீஸ் வந்தது. போதாதென்று பட்டாளம் வந்தது. அதிலும் ஒரு கொடுமை, வந்தது இந்தியப் பட்டாளமே! மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதனையும் வேறு பலரையும் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஏழே மாதத்தில், டிசம்பர் 8-ஆம் தேதி, ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். எந்தத் துரைக்காக இறங்கி நிற்கச் சொன்னார்களோ, அந்தத் துரை சிங்கப்பூருக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

இது கிள்ளானில் மட்டும் நடந்ததல்ல. அதற்கு முந்திய வருடம், 1940 ஜனவரியில், இலங்கையின் தேயிலை மலையில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தமிழ்த் தொழிலாளி இறந்தார். தொழிலாளர் விடவில்லை. விசாரணைக் கமிஷன் அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். அமெரிக்காவில் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழுந்திருக்க ரோசா பார்க்ஸ் அம்மையார் மறுத்தது 1955 டிசம்பரில். மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். ஒரு பஸ் இருக்கைக்காக அவர்கள் நடப்பதற்கு 14 வருடம் முன்பே, ஒரு சைக்கிள் இருக்கைக்காக நம்மவர்கள் குண்டு வாங்கியிருக்கிறார்கள். அது உலகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இதை நம் வீட்டுப் பிள்ளைகளிடமாவது சொல்லியிருக்கிறோமா?

பிறகு நாடு சுதந்திரம் பெற்றது, துரைமார் போனார்கள். 2007 நவம்பர் 25-ஆம் தேதி ஹிண்ட்ராப் அழைப்பின் பேரில், பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்கக் கோலாலம்பூரில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கிழவர்களும் அதில் இருந்தார்கள். கண்ணீர்ப் புகையும் நீர்ப் பீரங்கியும்தான் பதிலாகக் கிடைத்தன. டிசம்பரில் 5 பேர் விசாரணையில்லாமல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் எம். மனோகரன் 2008 மார்ச் தேர்தலில், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே, கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அந்தத் தொகுதி எந்த ஊரில் இருந்தது தெரியுமா? கிள்ளானில்! அந்தச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

2009 ஜனவரியில் ஏ. குகன் என்ற 22 வயது இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. உறவினர் கூட்டம் பிணவறைக்குள் நுழைந்து உடம்பின் காயங்களைப் படமெடுத்தது. இரண்டாவது பரிசோதனை அடியால் வந்த காயம் என்றது. 2013-இல் உயர் நீதிமன்றம் குகனின் தாயார் பக்கம் தீர்ப்பளித்தது. அன்று அந்தக் கூட்டம் பிணவறை வாசலோடு நின்றிருந்தால், நுரையீரல் நீரோடு கதை முடிந்திருக்கும்.

மலையைவிட்டு இறங்கும் முன் தேயிலைச் சரிவில் சற்று நின்றோம். இப்போது கொழுந்து வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியர். நம் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போய்விட்டார்கள், அது சந்தோஷமே. சாலையோரம் ஒரு வங்காளதேச இளைஞன் மூட்டையோடு நின்றிருந்தான். மலாயில் பேச்சுக் கொடுத்தேன். வெளிநாட்டுத் தொழிலாளியும் சங்கத்தில் சேரலாம் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறதே, சேர்ந்தாயா என்று கேட்டேன். அதற்குள் வளைவில் ஒரு ஜீப் சத்தம். பேச்சை நிறுத்திவிட்டு, சட்டைப் பையில் பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, மூட்டையோடு சாலையைவிட்டு இறங்கி ஓரமாக நின்றான்.