கண்ணாடியை உட்கார வைக்கும் கயிறு

பெங்களூர் டவுன் ஹாலுக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் இடையே ஓடும் ஜே.சி. சாலையில் ஒரு முழுக் காரையே உதிரி உதிரியாக வாங்கிவிடலாம். மைசூரின் கடைசி மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய சாலை. ஒரு முனையில் ரவீந்திர கலாக்ஷேத்ராவில் நாடகமும் நாட்டியமும் நடக்கின்றன. அதைத் தாண்டினால் வேறு உலகம்: ஹெட்லைட், பம்பர், ஹாரன், சீட் கவர், மூட்டை மூட்டையாக ரப்பர். சென்னைக்குப் புதுப்பேட்டை, டெல்லிக்குக் காஷ்மீரி கேட் என்றால் பெங்களூருக்கு ஜே.சி. சாலை.

ஆனால் வண்டியின் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பொருத்தும் கருவி வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர்கள் அலமாரியைப் பார்ப்பதில்லை. பின்னால் கலாசிபாளையம் பக்கம் போகும் சந்தைக் கை காட்டுகிறார்கள். கருவியைக் கேட்டால் ஆளைக் காட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம்.

அதற்கு முன் மொழியைத் தாண்ட வேண்டும். தமிழில் முகம் பார்ப்பது, மூக்கில் மாட்டுவது, ஜன்னலில் இருப்பது எல்லாமே கண்ணாடிதான். கன்னடத்தில் ‘கன்னடி’ என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டுமே; மற்றது ‘காஜு’. ஓசூர் தாண்டி வந்த நம்மவர் ‘முன் கண்ணாடி’ என்று கேட்டால் பக்கவாட்டில் மாட்டும் மிரரை எடுத்து நீட்டக்கூடும். உருது பேசும் மேஸ்திரிக்கு அது ‘ஷீஷா’. கடைசியில் ‘கிளாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்தான் எல்லோரையும் கரை சேர்க்கிறது. ரப்பருக்கும் இதே கதைதான். கம்பெனிப் புத்தகங்கள் அதை ‘கேஸ்கட்’ என்கின்றன. ஜே.சி. சாலையில் கேஸ்கட் என்றால் எந்த இன்ஜினுக்கு என்று கேட்பார்கள். ‘பீடிங்’ என்று சொன்னால்தான் வேலை நடக்கும்.

பழைய வண்டிகளில் கண்ணாடியைத் தாங்குவது இந்த பீடிங் மட்டுமே. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம் தெரியும். ஒன்றில் கண்ணாடியின் விளிம்பு உட்காரும். மற்றொன்று வண்டியின் தகட்டு விளிம்பைக் கவ்வும். கண்ணாடி தகட்டைத் தொடவே கூடாது என்பதுதான் ஏற்பாடு. குண்டும் குழியுமான சாலையில் லாரியின் கேபின் முறுக்கிக்கொள்ளும்போது அந்த அசைவை ரப்பர் வாங்கிக்கொள்ளும். கண்ணாடி எங்கே தகட்டில் உரசுகிறதோ அங்கிருந்துதான் கீறல் புறப்படும்.

அந்தச் சந்தில் ஓர் அம்பாசிடருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர். உதவிக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர். வேலையில் பாதி, கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. இறுகிப்போன பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்து, தகட்டு விளிம்பில் இருந்த துருவைச் சுரண்டி, பெயின்ட் தடவிக் காயவிட்டிருந்தார்கள். மேஸ்திரி விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒரு சின்ன மேடு இருந்தாலும் புதுக் கண்ணாடி அங்கே விரிசல் விடும்.

பிறகு புது பீடிங்கை முதலில் கண்ணாடிக்கு மாட்டினார்கள். தகட்டைக் கவ்வ வேண்டிய பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிற்றைப் பதித்தார்கள். கயிற்றின் இரு முனைகளும் கீழ்ப்பக்க நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக வந்து வெளியே தொங்கின. சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவினார்கள். கண்ணாடியை வெளியிலிருந்து அதன் இடத்தில் வைத்து, கயிற்றின் முனைகளை வண்டிக்குள்ளே விட்டார்கள்.

மேஸ்திரி உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்பக்கம் மடிந்து விழுந்தது. கயிறு வரும் இடத்தில் மட்டும் வெளியே இருந்த இளைஞர் உள்ளங்கையால் அழுத்தினார். முதலில் கீழ் விளிம்பு, பிறகு மூலைகள், பக்கங்கள், கடைசியாக மேல் விளிம்பு. மூலை வந்தபோது மேஸ்திரியிடமிருந்து மூன்று மொழிகளில் உத்தரவு வந்தது: நிதானா, ஆஹிஸ்தா, மெல்ல. மொழிபெயர்ப்புத் தேவைப்படாத இடம் அது. ‘சரி பாய்’ என்றார் இளைஞர்.

கருவி என்று அங்கே இருந்தவை மிகக் குறைவு. கயிறு, சோப்புத் தண்ணீர், முனையை உராய்ந்து மழுக்கிய ஸ்க்ரூ டிரைவர், கைப்பிடி போட்டு வளைத்த ஒரு கம்பி. கம்பியின் முனை ஊசிக் காது போல வளையமாக இருந்தது. லாரி, பஸ் ரப்பர் பலவற்றில் வெளிப்பக்கம் இன்னொரு மெல்லிய பள்ளம் உண்டு. அதில் ஒரு ரப்பர் பட்டையைத் திணித்தால்தான் பீடிங் இறுகும். கம்பி வளையம் பள்ளத்தை அகலப்படுத்திக்கொண்டே முன்னால் போக, அதன் வழியே பட்டை உள்ளே இறங்கும். வெளிநாட்டில் பெட்டியில் போட்டு விற்கும் கருவியும் இதே வடிவம்தான்.

அவசரக்காரர்கள் செய்வது வேறு. கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் ரப்பரை நெம்புவார்கள். ரப்பர் கிழியும் அல்லது கண்ணாடியின் விளிம்பு தெறிக்கும். சோப்புத் தண்ணீருக்குப் பதில் இன்ஜின் ஆயிலைத் தடவுவார்கள். எளிதாக வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பல வகை ரப்பரை ஊதி மென்மையாக்கிவிடும். விளைவு அடுத்த மழையில் தெரியும். தண்ணீர் டாஷ்போர்டுக்குள் இறங்கும். ரப்பருக்குப் பின்னால் தங்கும் ஈரம் தகட்டை ஓசைப்படாமல் தின்னும்.

இது மழைத் தண்ணீரோடு முடிகிற விஷயமும் அல்ல. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி கண்ணாடியைப் பற்றியது. 1993இல் வந்த திருத்தம், இரு சக்கர வாகனங்களும் விவசாய டிராக்டர்களும் நீங்கலாக, புதிய வண்டிகளின் முன் கண்ணாடி லேமினேட் வகையாக இருக்க வேண்டும் என்றது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் விரிசல் விடும், முகத்தில் சிதறாது. ஆனால் எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் அதைப் பிடித்து நிறுத்தப் பழைய வண்டியில் ரப்பரை விட்டால் வேறு கதி இல்லை.

அந்தப் பழைய வண்டிகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. மாருதி ஆம்னி 2019இல். இன்றைய கார்களில் கண்ணாடியை யூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள். அங்கே கண்ணாடியும் வண்டியின் பலத்தில் ஒரு பங்கு. பல கார்களில் பயணியின் பக்கத்து ஏர்பேக் விரியும்போது அதன் மேல்தான் சாய்கிறது. அதற்கான கருவிகள் வேறு: பசைத் துப்பாக்கி, பழைய பசையை அறுக்கும் எஃகுக் கம்பி, கண்ணாடியைத் தூக்கும் உறிஞ்சு கோப்பை. தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இவற்றைத்தான் கற்கிறார்கள். அதில் தவறில்லை; சம்பளம் அங்கேதான் இருக்கிறது.

சிக்கல், துப்பாக்கி தெரிந்து கயிறு தெரியாதவரிடம் பழைய வண்டி போகும்போதுதான். ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் பசையை அள்ளி அடைத்துவிடுவார். அன்றைக்கு ஒழுகாது. அடுத்த முறை கழற்றும்போது கண்ணாடி முழுசாக வராது. தகட்டின் பெயின்ட்டும் கூடவே வரும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய லாரிக்கும், ஒற்றை ஆளின் பிழைப்பான பழைய ஆம்னிக்கும் இது சின்னச் செலவு அல்ல.

ஆகவே நாமக்கல்லோ நாக்பூரோ, வண்டியை விடும் முன் இரண்டு கேள்விகள் போதும். தகட்டு விளிம்பைச் சுத்தம் செய்வாரா? மாட்டும்போது கண்ணாடி உடைந்தால் நஷ்டம் யாருடையது? பிறகு அவர் எதைக் கையில் எடுக்கிறார் என்று பாருங்கள். கூரான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். கயிற்றை எடுத்தால் டீ சொல்லிவிட்டு உட்காரலாம்.