பெல்ட்டில் சுற்றியதை ஒயரில் சுற்ற வைப்பது

"வண்டி கொதிக்குதுங்க, மாருதி ஃபேன் ஒண்ணு போட்டுக் குடுங்க." பொள்ளாச்சியில் நான் தொழில் பழகிய பட்டறைக்கு அம்பாசடர் கொண்டுவருகிறவர்கள் பலரும் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் மலையேறும் டாக்ஸிக்கு எதிர்க்காற்று என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இஞ்சினுக்குப் பாரமோ உச்சத்தில் இருக்கும். ஒருவர் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிக் கொதிக்காமல் ஏறிவிட்டால் போதும், ஸ்டாண்டில் நிற்கிற எல்லோருக்கும் அது வேண்டும்.

அண்ணன் யாருக்கும் உடனே தலையாட்டியதில்லை. பட்டறைக்காரரை அண்ணன் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "எப்பக் கொதிக்குதுங்க? நிக்கையிலயா, ஓடையிலயா?"

சிக்னலில் நிற்கும்போதும் மலையில் ஊரும்போதும் முள் ஏறி, சமதளத்தில் ஓடவிட்டால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குக் காற்று பற்றவில்லை. அங்கே ஃபேனைப் பற்றிப் பேசலாம். உடுமலை ரோட்டில் எழுபதில் போகும்போதே கொதிக்கிறது என்றால் கதை வேறு. காற்று முன்னாலிருந்து தானாகவே அடித்துக்கொண்டு வருகிறது. தண்ணீர்தான் சரியாக ஓடவில்லை, அல்லது இஞ்சின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. அதற்கு எந்த ஃபேனை மாட்டியும் பயனில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பல பேரை அண்ணன் ரேடியேட்டர் கடைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கையில் வந்த வேலையை இப்படி விடுகிறாரே என்று ஆரம்பத்தில் எனக்குத் தோன்றும். இன்று தனியாகப் பட்டறை வைத்திருக்கும் நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

கேள்விக்குப் பிறகு சோதனை. இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அடுத்து பெல்ட் தொய்வு, டைமிங். டைமிங் பின்தங்கியிருந்தாலும் இஞ்சின் சூடாகும். பிறகு நன்றாகச் சூடேற்றி, இஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் கோரின் மேல் உள்ளங்கையை மெல்ல நகர்த்த வேண்டும். சூடு ஒரே சீராக மேலிருந்து கீழே குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன. எங்கள் பக்கத்தில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டுவார்கள். அந்த உப்பு உள்ளே கல்லாகப் படிந்துவிடும். கையால் கண்டுபிடிக்கிற இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு வந்ததில்லை. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திக் காட்டியது.

பழைய ஃபேன் ஏன் மலையில் தோற்கிறது என்பதையும் அவர்தான் விளங்க வைத்தார். அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் இஞ்சினில் ஃபேன் வாட்டர் பம்பின் புல்லியோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே பெல்ட் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் குறைவாகத் தரும். வேண்டாத நேரத்தில், நெடுஞ்சாலையில், வீணாகச் சுழன்று இஞ்சினின் சக்தியைத் தின்னும். சுற்று இரண்டு மடங்கானால் காற்று இரண்டு மடங்குதான் வரும், ஆனால் அதற்குச் செலவாகும் சக்தி எட்டு மடங்கு. எலெக்ட்ரிக் ஃபேனுக்கு இஞ்சினின் வேகத்தோடு சம்பந்தமில்லை. நின்றாலும் ஊர்ந்தாலும் ஒரே காற்று, குளிர்ந்திருந்தால் ஓடாது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இஞ்சினைக் குறுக்குவாக்கில் வைத்திருந்தார்கள். முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் பெல்ட் வைத்து ஃபேன் சுற்றத் தோதில்லாததால் கம்பெனியிலேயே எலெக்ட்ரிக் ஃபேன் வந்தது. ஊரெல்லாம் 'மாருதி ஃபேன்' என்று சொல்வது அதனால்தான்.

நான் முழுதாகக் கூடவே இருந்து கற்றுக்கொண்ட வண்டி ஒரு வால்பாறை டாக்ஸி. சோதனைகளில் எல்லாம் தேறியது. ரேடியேட்டரும் புதிதாகக் கோர் மாற்றியது. ஆனால் பானட்டைத் திறந்ததுமே அண்ணன் டைனமோவைத் தட்டிக் காட்டினார்.

"இத வெச்சுட்டு ஃபேன் போடக் கூடாது கண்ணு. கணக்குப் போடு."

போட்டேன். ஹெட்லைட்டுக்கும் மற்ற விளக்குகளுக்கும் 10 ஆம்பியர், காயிலுக்கு 4, மழை பெய்தால் வைப்பருக்கு 3. நாங்கள் போட இருந்தது மாருதி ஃபேனைவிடப் பெரியது. 796 சிசி வண்டிக்குச் செய்ததை வைத்து இந்த மலையை நம்ப வேண்டாம் என்று பெரிய கார் ஒன்றின் ஃபேனைக் கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் எடுத்து வந்திருந்தார். அது இழுப்பது 12. ஆகமொத்தம் 29. டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 20 ஆம்பியர் சொச்சம். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எலெக்ட்ரிக் ஃபேன் அதிகம் ஓடப்போவது வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும்தான். அப்போது முழுப் பாரமும் பேட்டரியின் தலையில் விழும். மழை இரவில் மலைமேல் விளக்கு மங்கி நின்றுபோகும். ஆகவே முதலில் ஆல்டர்னேட்டர், பிறகுதான் ஃபேன். செலவைக் கேட்டு ஓனர் முகம் சுளித்தார். "டைனமோவோட வேணும்னா வேற பட்டறை பாருங்க" என்று அண்ணன் சொன்னதில் கோபம் இல்லை, கறார் இருந்தது. ஓனர் ஒரு டீ குடித்துவிட்டு வந்து சம்மதித்தார்.

பழைய ஃபேனைக் கழற்றுவது நாலு போல்ட் வேலை. பார்க்கச் சுலபம்தான், ஆனால் அந்த நாலு போல்ட்டும் ஃபேனையும் புல்லியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. ஃபேன் போன பிறகு அதே நீளப் போல்ட்டுகளைத் திரும்பப் போட்டால், ஃபேனின் கனம் இல்லாததால் முனை பின்பக்கம் நீட்டிக்கொண்டு பம்பின் உடம்பில் உரசும். அதே மரையில் குட்டைப் போல்ட்டுகளாகத் தேடிப் போட்டு, பெல்ட்டை மாட்டும் முன் புல்லியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று காது கொடுத்துக் கேட்டோம்.

புது ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துத் தள்ளவும் விடலாம், பின்னால் வைத்து இழுக்கவும் விடலாம். முன்னால் வைத்தால் ஓடும்போது வருகிற காற்றையே அது மறைக்கும். அம்பாசடரில் பின்னால் இடம் தாராளம். கோரின் இடுக்கில் பிளாஸ்டிக் ஊசியைக் குத்தி ஃபேனைத் தொங்கவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மேடு பள்ளத்தில் அது ஆடி ஆடிக் குழாயை அறுத்துவிடும் என்பதால் அண்ணன் அதைத் தொடவே மாட்டார். ரேடியேட்டரின் ஓரச் சட்டத்திலிருந்து பட்டை அடித்துத் தாங்க வைத்தோம். தகரத்தில் ஷ்ரௌட் செய்து, விளிம்புக்கு ரப்பர் ஒட்டிக் கோர் முழுவதையும் மூடினோம். ஷ்ரௌட் இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கிற வட்டத்தில் மட்டுமே காற்றை இழுக்கும். நாலு மூலையும் சும்மா கிடக்கும். பிரேக் அடித்தால் இஞ்சின் மவுண்ட்டில் சற்று முன்னே சாயும். அதனால் மோட்டாருக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு அங்குலம் விட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்தது தெர்மோ ஸ்விட்ச்சைச் சோதிக்கிற வேலை. டப்பாவில் 92 என்று அச்சடித்திருந்தாலும் அண்ணன் அப்படியே மாட்ட மாட்டார். டீ வைக்கிற பம்பு ஸ்டவ்வில் அலுமினியச் சட்டியை வைத்து, தண்ணீருக்குள் ஸ்விட்ச்சைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம், அடியில் தொடாமல். சட்டியின் அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும், தொட்டால் கணக்கு தப்பும். பக்கத்திலேயே கண்ணாடித் தெர்மாமீட்டர். ஸ்விட்ச்சோடு பேட்டரியும் டெஸ்ட் லாம்பும். 80 தாண்டியது, 85 தாண்டியது, சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்ட ஆரம்பித்தன. 93-இல் லாம்ப் பளிச்சென்று எரிந்தது. ஸ்டவ்வை அணைத்தோம். அது அணையும் சூட்டையும் பார்த்தாக வேண்டும். 87-க்குக் கொஞ்சம் மேலே விளக்கு அணைந்தது. இந்த ஐந்தாறு டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று ரிலேயைக் கெடுத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டையும் அதே சட்டியில் போட்டுப் பார்த்தோம். நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று பிடுங்கி எறிகிற மெக்கானிக்குகள் உண்டு. இந்த வண்டியிலும் யாரோ எறிந்திருந்தார்கள். புதிது வாங்கி வைத்தோம். தெர்மோஸ்டாட் வாய்க்கால் மதகு போல: இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. அது 82-இல் திறக்க வேண்டும், ஃபேன் 92 பக்கம் கிளம்ப வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. மதகு திறக்கும் சூட்டுக்குக் கீழேயே ஃபேன் கிளம்புமானால் அது ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்விட்ச்சுக்கு இடம் ரேடியேட்டரின் மேல் தொட்டி. ரேடியேட்டர் கடையில் மரை போட்ட பித்தளைத் துண்டு ஒன்றை அங்கே பற்றவைத்துத் தந்தார்கள். தொட்டியில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்கச் சொல்லியிருந்தார் அண்ணன். தண்ணீர் குறைந்தால் மேலே இருக்கும் ஸ்விட்ச் ஆவியில் தொங்கும், உண்மையான சூட்டை அறியாது. சிலர் தொட்டியை விட்டுவிட்டு மேல் ஹோஸை வெட்டி நடுவில் குழாய் சொருகி அதில் ஸ்விட்ச் வைப்பார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் ரப்பர், எர்த் கிடைக்காது. தனியாக எர்த் ஒயர் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒயரிங்கை என்னிடம் விட்டார். ஃப்யூஸ், ரிலே, ஸ்விட்ச், மோட்டார், எர்த்: பெல்ட் ஃபேனுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை, யாரும் உத்தரவு போடாமலே சுற்றும். இப்போது இந்த ஐந்தில் எது விட்டாலும் காற்று இல்லை. அதனால் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அம்பாசடரின் பழைய ஃப்யூஸ் பெட்டியில் இருப்பது இரண்டே ஃப்யூஸ். அதைத் தொடாமல் பேட்டரிக்கு ஒட்டியே 20 ஆம்பியரில் புதிது வைத்தேன். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடைப்பட்ட ஒயருக்குக் காவல் கிடையாது, ஆகவே அது குட்டையாக இருக்க வேண்டும். அங்கிருந்து ரிலேயின் 30, 87-இலிருந்து மோட்டார், 86-க்கு இக்னிஷன், 85 தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். அந்த ஸ்விட்ச்சுக்கு இணையாக டேஷ்போர்டில் ஒரு கைச்சுவிட்ச், தெர்மோ ஸ்விட்ச் கைவிட்டாலும் டிரைவரே ஃபேனைப் போட்டுக்கொள்ள. சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓட வேண்டுமா என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். டாக்ஸி ஸ்டாண்டில் பேட்டரி இறங்கிப்போவதைவிட அணைவதே மேல் என்பது அண்ணனின் முடிவு, என்னுடையதும் அதுதான்.

மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். மெல்லிய ஒயரில் என்ன ஆகும் என்று காட்ட, கிடந்த பழைய ஒயரை முதலில் மாட்டி மீட்டர் வைத்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், மோட்டாரில் 12.6. நல்ல ஒயரில், பெயிண்டைச் சுரண்டி எடுத்த எர்த்தோடு, 13.5. "காத்து வித்தியாசத்த கையில பாரு" என்றார். கை வைத்தேன்; தெரிந்தது.

சுற்றும் திசையைப் பார்க்கத் தினத்தாள் துண்டு போதும். டிசி மோட்டாருக்கு ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும், சத்தமும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். கிரில்லுக்கு முன்னால் தாளைப் பிடித்தேன். ஃபேன் கிளம்பியதும் அது கிரில்லோடு ஒட்டி நின்றது. கீழ் மூலையிலும் பிடித்துப் பார்த்தேன், அங்கேயும் ஒட்டியது. ஷ்ரௌட் வேலை செய்கிறது.

மறுநாள் விடிகாலையில் ஓனரோடு நாங்களும் ஆழியாறு தாண்டி ஏறினோம். சமதளத்தில் ஃபேன் ஒருமுறைகூடக் கிளம்பவில்லை. வளைவுகள் தொடங்கியபின், ஃபேனுக்குக் கரண்ட் போவதைக் காட்ட டேஷ்போர்டில் வைத்த விளக்கு எரியும், சிறிது நேரத்தில் அணையும். முள் நடுவைத் தாண்டவே இல்லை. பெல்ட் ஃபேனின் இரைச்சல் இல்லாததால் டேப்பட் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, இறங்கியதும் கிளியரன்ஸ் பார்க்கச் சொன்னார்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஓனரை பானட் அருகே நிறுத்தி அண்ணன் சொன்னதை, இப்போது இந்த வேலை செய்யும் ஒவ்வொரு வண்டிக்கும் நானும் சொல்கிறேன். டேஷ்போர்டு விளக்கு எரிந்தால் கரண்ட் போகிறது என்றுதான் அர்த்தம், ஃபேன் சுற்றுகிறது என்று அர்த்தமில்லை. வாரம் ஒருமுறை கைச்சுவிட்ச்சைப் போட்டு இறங்கிப் பாருங்கள். பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். ஃபேன் அதை விட்டுப் பிரிந்தாலும் வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் இன்னும் அதில்தான் சுற்றுகின்றன. பெல்ட் அறுந்தால் ஃபேன் முன்னால் ஜோராக ஓடும், உள்ளே தண்ணீர் நகராது. சார்ஜ் விளக்கு எரிந்தால் அடுத்த வளைவுவரைகூடப் போக வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள். கழற்றிய பழைய ஃபேனையும் நீளப் போல்ட்டுகள் நாலையும் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கட்டி வைத்தோம், கூடவே ஒரு புதுப் பெல்ட்டும் 7/16 ஸ்பேனரும்.