அடுத்த அடி எவருடையது?

குறோக்கே என்றவுடன் வெள்ளுடை அணிந்த சீமாட்டிகளும் தேநீர்க் கோப்பைகளுமே நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. விம்பிள்டனிலுள்ள புகழ்பெற்ற கழகமும் 1868 ஆம் ஆண்டிற் குறோக்கே ஆடுதற்கென்றே நிறுவப்பெற்றது. ரெனிஸ் பின்னர் வந்து புற்றரையைக் கைப்பற்றிக்கொண்டது. அவ்வாட்டத்தின் எளிய கிளையாகிய கோல்ப் குறோக்கேயை, ஓய்வுபெற்றபின் இங்கிலாந்திலே சில ஆண்டுகளாக ஆடிவருகின்றேன். எளிமை விதிகளில் மட்டுமே என்பதை முதலாண்டிலேயே உணர்ந்தேன்.

ஆறு வளையங்கள், நான்கு பந்துகள். நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்னும் வரிசை என்றும் மாறாது. நீலமும் கறுப்பும் ஓரணி, ஏனையவை மற்றையணி. முறைக்கு ஓர் அடியே உண்டு. யாவரும் ஒரே வளையத்தையே நாடுவர். எவர் பந்து அதனை முதலில் ஊடுருவுகின்றதோ அவ்வணிக்கு ஒரு புள்ளி. உடனே அனைவரும் அடுத்த வளையத்துக்குச் செல்லல் வேண்டும். முதலில் ஏழு புள்ளி பெறுவோர் வென்றோராவர். பந்துக்கும் வளையத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி ஓரங்குலத்தின் எட்டிலொரு பங்கு மாத்திரமே! ஆதலின், பக்கவாட்டில் நின்று ஊடுருவ முயல்வது பெரும்பாலும் வீண்முயற்சியாம்.

புதியவர், வளையத்துக்கு அண்மையில் நிற்பது எவர் பந்து என்று பார்ப்பர். பழகியவர், அப்பந்து மீண்டும் அடிக்கப்படுவது எப்போது என்று பார்ப்பர். நாம் நீலத்தை அடிக்க நிற்பதாகக் கொள்வோம். வளையத்தின் முன் மஞ்சள் நிற்பின் அச்சமில்லை. அதன் முறை வருமுன் நமது கறுப்புக்கும் ஓர் அடி உண்டு. நிற்பது சிவப்பாயின் அடுத்த அடியே அதனுடையது. இப்பொழுதே அதனை அடித்துத் துரத்துதல் வேண்டும். எகிப்தியர் இதில் வல்லவர். 1996 இல் உலகப் போட்டி தொடங்கிய காலந்தொட்டு அவர்கள் நெடுங்காலம் முதன்மை பெற்று விளங்கியதற்கு, தொலைவிலிருந்தே பலங்கொண்டு அடிக்கும் அத்திறனும் ஒரு காரணமாகும். யாழ்ப்பாணத்துத் தெருவிற் போளையடித்துப் பழகிய கைக்கு இஃது அத்துணை அந்நியமன்று.

இரட்டையர் ஆட்டத்தில் என் துணைவர் எண்பது கடந்த ஓர் ஆங்கிலேயர். அண்மைக் காலமாக அவர் பார்வை மங்கிவருகின்றது. அருகிலுள்ள பந்து அவருக்குத் தெரியும். இருபது யார் தூரத்திலுள்ளது தெரியாது. ஆதலின் எங்கள் சூழ்ச்சி முழுவதையும் மாற்றியமைத்தோம். நீலம் எனக்கு, கறுப்பு அவருக்கு. மஞ்சள் வளையத்தின் முன் வந்தால், பிறர் போல நான் அதனை அவருக்கு விட்டுவைப்பதில்லை. முதல் வாய்ப்பிலேயே துரத்திவிடுவேன். சிவப்பு வந்தால் அவர் அதனை விட்டுத் தம் பந்தை வளையத்தருகே மெல்ல நிறுத்துவார். இறுதி வாய்ப்பில் அதனைத் துரத்துவதும் என் பொறுப்பே. அவர் நிறுத்தும் பந்து வளையத்துக்கு நேரே நூல் பிடித்தாற்போல நிற்கும்.

எதிரணியினர் ஒருவர் இதனைக் கண்டுகொண்டார். கடந்த பருவத்தில் ஆறுக்கு ஆறு என்ற நிலையிற் பதின்மூன்றாம் புள்ளிக்கு, மூன்றாவது வளையத்திலேயே மீண்டும் ஆடினோம். அவர் மஞ்சளை வளையத்தின் கால் என் பந்துக்கு மறைக்கும்படி நிறுத்தினார். அதனைக் குறைகூற மாட்டேன்; நலிந்த இடத்தை நாடுவதே ஆட்டம். என்னால் அதனைத் தொட முடியவில்லை. இறுதி வாய்ப்பு அவரிடம் சென்றது.

துணைவருக்கு வழி காட்டலாம். அடிக்கும் வேளையில் விலகி நிற்றல் வேண்டும் என்பது விதி. அவர் சுத்தியலின் முகத்தைப் பிடித்து மஞ்சளின் திக்கிற் சிறிது திருப்பிவிட்டு விலகினேன். அடித்தார். பந்தோடு பந்து மோதும் ஓசை கேட்டது.

"மஞ்சள்தானா?" என்றார்.

மஞ்சள் எல்லைக்கோட்டையும் கடந்து ஓடியிருந்தது.

எனினும் சில அடிகளின் பின் சிவப்பு நெடுந்தொலைவிலிருந்து வந்து வளையத்தை ஊடுருவிற்று. தோற்றோம். கைகுலுக்கியபின், "அடுத்த பருவத்துக்கு நீர் வேறு துணைவரைத் தேடிக்கொள்ளும், என்னால் உமக்கு வெற்றி கிட்டாது" என்றார்.

இவ்வாண்டுப் பட்டியல் சென்ற வாரம் கழகச் சுவரில் ஒட்டப்பட்டது. இரட்டையர் பிரிவில் அவர் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதியுள்ளேன். எழுத்தைச் சிறிது பெரிதாகவே எழுதினேன்.