பாதியில் நிறுத்திப் படிப்பது

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ப்ரீகால்குலஸ்' என்று தனிப் பாடமே உண்டு. நம் ஊரில் அந்தப் பெயர் கிடையாது. பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவு எடுத்தவர்கள் சார்பு, அடுக்கு, மடக்கை என்று அதைக் கடந்துபோய்விடுவார்கள். என்னைப் போல காமர்ஸ் எடுத்தவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பெங்களூரில் வேலைக்கு வந்து, மீட்டிங்கில் யாராவது "இதை லாக் ஸ்கேலில் போட்டுப் பாருங்கள்" என்னும்போதுதான் உறைக்கும்.

சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இப்படிப்பட்டவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஜேஇஇ எழுத வேண்டாம். நான்கு வாரப் பாடத்தை அவர்களே நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். முதல் கணிதத் தாளில் கணங்கள், நேர்கோடு, இருபடி, பல்லுறுப்புக்கோவை, மடக்கை எல்லாம் வருகின்றன. பெயர்தான் வேறு, சரக்கு ப்ரீகால்குலஸ்தான்.

நானும் அதில்தான் படிக்கிறேன். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நிற்கும்போது பாட வீடியோ பார்ப்பேன். அது காதில் விழுவதற்கு மட்டும். ராத்திரி அதே வீடியோவை நோட்டோடு உட்கார்ந்து மறுபடி ஓடவிடுவேன். கணக்கு திரையில் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆசிரியர் அடுத்த வரியை எழுதும்முன் அதை நாம் எழுதியிருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் நான் கற்ற முதல் உத்தி இதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் எண்ணோடு 2-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வர வேண்டும். அது எந்த எண்? இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். 2, −1 என்று இரண்டு விடை கிடைக்கும். 2 சரி. −1-ஐப் போட்டுப் பார்த்தால், 2-ஐக் கூட்ட 1, அதன் வர்க்கமூலம் 1. −1 வரவில்லை. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோவதால் இந்தப் போலி விடை உள்ளே நுழைந்துவிடுகிறது. வரைபடம் போட்டால் இன்னும் தெளிவு: வர்க்கமூலம் என்பது படுத்திருக்கும் பரவளையத்தின் மேல்பாதி மட்டுமே. y = x என்ற கோடு அதை ஒரே இடத்தில்தான் வெட்டும். −1 இருப்பது, அங்கே இல்லாத கீழ்ப்பாதியில்.

வகுப்பறையில் ஆசிரியர் பெஞ்சுக்கிடையே நடந்துவந்து, வழுக்கிய வரியில் விரலை வைப்பார். வாராந்திர அசைன்மென்ட்டைத் திருத்தும் கணினி விடையை மட்டும்தான் பார்க்கும். எனவே அந்த விரலும் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். நோட்டில் இடப்பக்கம் கணக்கு. வலப்பக்கம் விடையைப் பிரதியிட்டுச் சரிபார்ப்பதும், கையால் போட்ட ஒரு வரைபடமும். வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கணக்கு முடியவில்லை என்றே அர்த்தம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு மடக்கை அந்நியமாகத் தோன்றும். ஆனால் '72 விதி' நமக்கு மனப்பாடம்: 8 சதவீத வட்டியில் பணம் இரட்டிப்பாக 72-ஐ 8-ஆல் வகுத்து, 9 ஆண்டு என்போம். அது எங்கிருந்து வந்தது? 2-இன் இயல் மடக்கை ஏறக்குறைய 0.693. வட்டி மிகச் சிறியதாக இருந்தால் 69 என்பதே சரி. நடைமுறை வட்டிவிகிதங்களுக்கு 72 நெருக்கமாகப் பொருந்துகிறது. 2, 3, 4, 6, 8, 9 என்று பல எண்களால் மீதியின்றி வகுபடவும் செய்கிறது. வங்கியில் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றுக்குக் காரணம் கிடைத்த பிறகு, மடக்கையிடம் எனக்குப் பயம் இல்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள். வேலையில் இருந்தால் ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு தாள் போதும். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்முடையது. தமிழ்நாடு அரசின் 11-ஆம் வகுப்புக் கணிதப் பாடநூல் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில வீடியோவுக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வையுங்கள். எந்த மொழியில் நிறுத்தி யோசிக்க வருகிறதோ, அந்த மொழியில் படிப்பதுதான் லாபம்.