நூற்றெண்பத்தாறு

எனக்கும் விளையாட்டுக்கும் உள்ள சம்பந்தம் பள்ளிக்கூட நாளிலேயே முடிந்துவிட்டது. எங்கள் டிரில் மாஸ்டர் என்னை ஒரே ஒரு தடவை ஓடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "நீ போய் ஸ்கோர் எழுதுடா" என்று ஒரு பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டார். அன்று எழுத ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை. இப்படிப்பட்டவன் ஒரு புட்பால் கோஷ்டியின் தோல்வியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குப் பொறுப்பாளிகள் இரண்டு பேர். ஒருவர் என் தங்கை மாப்பிள்ளை; மற்றவர் அவருக்கு அடுத்த வீட்டுக் கிழவர்.

2023-ம் வருஷம் ஜூலை மாதம் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். நமக்கு அது ஆடி மாதம். அவர்களுக்கு நடுக் குளிர்காலம். சட்டைக்கு மேல் சட்டையாக வெங்காயம் மாதிரி நாலு அடுக்குப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் எப்போதும் சிவப்பும் நீலமுமாக ஒரு கம்பளித் துண்டு. அது மெல்போர்ன் புட்பால் கிளப்பின் வர்ணம் என்று மாப்பிள்ளை சொன்னார்.

மாதக் கடைசியில் ஒரு நாள் அந்தக் கிழவர் வேலிக்கு அப்பாலிருந்து எங்களைக் கூப்பிட்டார். "இன்று ஜூலை 30. ஒரு பழைய ஆட்டம் போடப் போகிறேன். பத்து நிமிஷம்தான். வருகிறீர்களா?"

வருஷா வருஷம் இந்தத் தேதியில் பத்து நிமிஷம் அதைப் பார்ப்பாராம். பெற்றோருக்குத் திவசம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோல்விக்குத் திவசம் செய்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அந்த நாட்டுப் புட்பால் நாம் அறிந்த புட்பால் அல்ல. கிரிக்கெட் மைதானம் போல வட்டமான பெரிய மைதானம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்து தேங்காயைப் போல நீள உருண்டை. காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், இன்னொருவனுக்குக் கொடுப்பதாக இருந்தால் முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு ஊடே உதைத்துவிட்டால் கோல், ஆறு பாயிண்ட். சற்றே தவறிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் ஒரு பாயிண்ட். குறி தப்பினவனுக்கும் கூலி கொடுக்கும் தயாள குணம் எனக்குப் பிடித்திருந்தது.

2011-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி, கீலாங் என்ற ஊரில் கார்டினியா பார்க் மைதானத்தில் மெல்போர்ன் கோஷ்டி கீலாங் கோஷ்டியுடன் ஆடியது. கீலாங் 37 கோல் போட்டு 233 பாயிண்ட் எடுத்தது. மெல்போர்னுக்குக் கிடைத்தது 7 கோல், 47 பாயிண்ட். வித்தியாசம் 186. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்த லீகின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய தோல்வி ஒன்றே ஒன்றுதான் உண்டு. 1979-ல் பிட்ஸ்ராய் கோஷ்டியிடம் 190 பாயிண்டில் தோற்றது. அப்போது தோற்றவர்கள் யார் என்று கேட்டேன். "நாங்கள்தான்" என்றார் கிழவர்.

கீலாங் அந்த வருஷம் கோப்பையையே வென்ற கோஷ்டி. அதனிடம் தோற்பது அவமானம் அல்ல. மெல்போர்னும் ஒன்றுக்கும் உதவாத கோஷ்டியல்ல. அதே வருஷத்தில் எட்டு ஆட்டங்களில் ஜெயித்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு மட்டும் என்ன வந்தது?

"உழைப்பு இல்லை" என்றார் கிழவர். "ஓடவில்லை. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் மானேஜர். அவருக்கு உலகத்தில் எந்தக் காரியம் கெட்டாலும் காரணம் ஒன்றுதான். "தலைமை சரியில்லை, மச்சான். ஆள் சரியாக இருந்தால் கழுதை கூட ஓடும்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, கிழவரிடம் அதையே கழுதை இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் எப்படித்தான் நினைக்கிறார்களோ! நான் தேநீரைக் குடித்தேன்.

"பந்தைப் பார்க்காதீர்கள்" என்று கிழவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "பந்துக்கு ஐம்பது கெஜ தூரத்தில் நிற்கிறவனைப் பாருங்கள்."

அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்த ஆட்டம் எனக்கு விளங்கியது. பந்து கையில் இருக்கும்போது எவனும் ஓடுவான். எதிரியிடம் பந்து போனதும் திரும்பி ஓடுகிறானே, அதுதான் உழைப்பு. எண்பது கெஜம் மூச்சு வாங்க ஓடிப் போய்ச் சேருவான். பந்து அந்தப் பக்கமே வராது. அவன் ஓடினது கைதட்டலிலும் வராது, கணக்கிலும் வராது. நான் பார்த்த பத்து நிமிஷத்தில் கீலாங்காரன் ஒருவன் பந்தை எடுத்தால் அவனைச் சுற்றித் துணைக்கு மூன்று பேர் இருந்தார்கள். மெல்போர்ன்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓடினால் நீயும் ஓடுவாயா என்று கேட்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

கிழவர் 1964-ம் வருஷத்து இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். காலிங்வுட் கோஷ்டியை மெல்போர்ன் நாலே பாயிண்டில் ஜெயித்த ஆட்டம் அது. வெற்றி கோலைப் போட்டவர் நீல் கிராம்ப்டன் என்ற பின்வரிசைக்காரர். அவர் இருக்க வேண்டிய இடம் மைதானத்தின் மறு கோடி. தாம் காவல் காத்த எதிராளியை விடாமல் துரத்திக்கொண்டே இந்தக் கோடிக்கு வந்துவிட்டார். வந்த இடத்தில் பந்து கிடைத்தது. "நாங்கள் அப்படி இருந்தவர்கள்" என்றார் கிழவர். மறு வருஷமே, ஆறு கோப்பைகள் வாங்கிக் கொடுத்த நார்ம் ஸ்மித் என்ற பயிற்சியாளரை நிர்வாகம் சீட்டுக் கிழித்து அனுப்பியது. ஊரே கொதித்ததும் சில நாளில் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு 57 வருஷம் கோப்பை வரவில்லை. ஜனங்கள் அதைச் சாபம் என்றார்கள்.

"பார்த்தீர்களா, தலைமை!" என்றார் மாப்பிள்ளை.

கிழவர் பதில் சொல்லவில்லை. டெலிவிஷனை அணைத்தார். சற்று நேரம் கழித்து, "2009-ஐப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்றார். பிள்ளை செய்த தப்பை வெளியாருக்குச் சொல்ல நேர்ந்த தகப்பன் மாதிரி அவர் குரல் இறங்கிவிட்டது.

அந்த லீகில் ஒரு தர்ம நியாயம் உண்டு. கடைசியாக வந்த கோஷ்டிக்கு, மறு வருஷத்துக்கான இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்குவதில் முதல் உரிமை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு மறுநாள் முதல் பந்தி என்கிற மாதிரி. அந்தக் காலத்தில் இன்னொரு சலுகையும் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் நாலு ஆட்டத்துக்கு மேல் ஜெயிக்காத கோஷ்டிக்குக் கூடுதலாக இன்னொரு ஆளை முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். மெல்போர்ன் 2008-ல் ஜெயித்தது மூன்று ஆட்டம். 2009-ல் சரியாக நாலு.

அந்த வருஷம் ரிச்மண்ட் கோஷ்டியோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் மெல்போர்ன் ஆட்டக்காரர்கள் வழக்கமில்லாத இடங்களில் எல்லாம் நிறுத்தப்பட்டார்கள். அப்படியும் ஜெயித்துவிடுவார்கள் போல் இருந்தது. கடைசிச் சங்கு ஊதிய பிறகு ரிச்மண்ட்காரர் ஒருவர் உதைத்த உதையில்தான் தோற்றார்கள். வருஷ முடிவில் முதல் ஆளும் இரண்டாவது ஆளும் மெல்போர்னுக்கே கிடைத்தார்கள். பிற்பாடு விசாரணை வந்தது. வேண்டுமென்று தோற்றதாகச் சொல்ல முடியாது என்று 2013-ல் லீக் தீர்ப்புச் செய்தது. ஆனால் கிளப்புக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதமும், பயிற்சியாளராக இருந்த டீன் பெய்லிக்குப் பதினாறு ஆட்டத் தடையும் விதித்தது. குற்றம் இல்லை, தண்டனை உண்டு! நம் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்கள் கேட்டால் மெச்சுவார்கள்.

186 பாயிண்டில் தோற்ற மறுநாளே பெய்லியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். 2014-ல், ஐம்பது வயது கூட ஆகாமல், புற்று நோயில் அவர் காலமானார். கிளப் அப்போது உழைப்புக்குப் பஞ்சமான இடம் என்றும் சொல்ல முடியாது. அதன் தலைவர் ஜிம் ஸ்டைன்ஸ், அயர்லாந்திலிருந்து வந்து இந்த ஆட்டத்தைப் புதிதாகக் கற்று, இடைவிடாமல் 244 ஆட்டங்கள் ஆடிச் சாதனை செய்தவர். அவரும் அதே நோயோடு போராடிக்கொண்டே கிளப்பின் கடனை அடைத்துக்கொண்டிருந்தார். 2012-ல் இறந்து போனார். இப்படிப்பட்ட மனிதர் ஒருவர் மேலே இருந்தும் கீழே ஓட ஆள் இல்லாமல் போயிற்று.

தலைமைதான் குறை என்று முடிவு செய்த நிர்வாகம் 2012-ல் புதுத் தலைவர்களை நியமித்தது. இருவரில் ஒருவரான ஜாக் டிரெங்கோவுக்கு வயது இருபது. லீகின் சரித்திரத்திலேயே அவ்வளவு இளைய தலைவர் கிடையாது. 2009-ல் தோற்றதற்குப் பரிசாகக் கிடைத்த இரண்டு பிள்ளைகளில் அவர் ஒருவர். மற்றவர் அதற்குள் வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார். பெரியவர்கள் கெடுத்து வைத்த காரியத்தை இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றினார்கள். 2012-ல் நாலு வெற்றி, 2013-ல் இரண்டு.

"இப்போது சொல்லுங்கள்" என்றார் மாப்பிள்ளை என்னிடம். "உழைப்பா, தலைமையா?"

எனக்குத் தலையை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையில் வலித்தது தலை அல்ல.

பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினேன். என் நண்பர்களுக்குத் தெரியும். என் மனைவிக்கு அதில் போன நகைகளின் எடை கூடத் தெரியும். அதில் ஒரு பெரியவர் புரூப் திருத்தினார். ஒற்றுப் பிழை ஒன்று தப்பிவிட்டால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. ஒரு வருஷம் தீபாவளி மலரைப் பிரமாதமாகக் கொண்டு வரவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நல்ல கதைகளையெல்லாம் அதற்கென்று எடுத்து வைத்தேன். பெரியவரிடம், "ஆனி, ஆடி இதழ்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஸார். எப்படி வந்தாலும் சரி. நமக்கு மலர்தான் முக்கியம்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டு மாத இதழ்கள் எப்படியோ வந்தன.

மலரும் வந்தது. அதன் முதல் கதையில் இரண்டு பக்கங்கள் இடம் மாறியிருந்தன. கதாநாயகி இறந்த பிறகு கல்யாணம் நடந்தது. நான் பெரியவர் மேல் பாய்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்தப் பிழை இருக்கலாம், எந்தப் பிழை இருக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை, ஸார்" என்றார். அந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுவிட்டார். அடுத்த வருஷம் பத்திரிகையும் நின்றது. "நல்ல ஆள் கிடைக்கவில்லை, யாருக்கும் உழைப்பில் அக்கறை இல்லை" என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு, போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்ற அந்த ஆட்டக்காரர்கள் கண் முன்னால் வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் 2009-ல் அங்கே இருந்தவர்கள். மற்றவர்களும் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள். சில தோல்விகளால் லாபம் உண்டு என்று ஒரு தடவை தெரிந்துகொண்டவன், எண்பது கெஜம் எதற்காக ஓட வேண்டும்? உழைப்பு என்பது ஒவ்வொருவனும் தன் மடியில் கட்டிக்கொண்டு வருகிற சரக்கு என்று நினைக்கிறோம். அது ஒருவன் பேரில் ஒருவன் வைக்கிற நம்பிக்கை. இன்றைய ஆட்டம் ஆட்டம்தான், இந்த மாத இதழ் இதழ்தான் என்கிற நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்குத்தான் மேலே ஒருவன் இருக்கிறான். அவனே அதை விற்றுவிட்டு, பிறகு கீழே இருப்பவனைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு முகத்தை முகம் பார்ப்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கிழவர் சொன்னதும் மாப்பிள்ளை சொன்னதும் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு இரண்டு வாசலில் நின்றார்கள்.

மறுநாள் கிழவரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "திரும்பிக் கட்டப் பத்து வருஷம் ஆயிற்று" என்றார். 2021 செப்டம்பர் 25-ம் தேதி பெர்த் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், மூன்றாவது பகுதியில் 19 பாயிண்ட் பின்தங்கியிருந்த மெல்போர்ன், முடிவில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோஷ்டியை 74 பாயிண்டில் வென்றது. தொற்று நோய்க் காலம். மெல்போர்னில் வாசலைத் தாண்ட முடியாது. 57 வருஷம் காத்திருந்த கிழவர் தம் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தாராம்.

"எனக்கு ஒரே ஒரு வருத்தம்" என்றார். "நேதன் ஜோன்ஸ் அன்று ஆடவில்லை."

நேதன் ஜோன்ஸ் 2006 முதல் அந்தக் கோஷ்டியில் ஆடியவர். அதில் முந்நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியவர். மிக மோசமான வருஷங்களுக்குப் பிறகு தலைமையை ஏற்று ஆறு வருஷம் சுமந்தவர். கோப்பை வந்த வருஷத்தில் அவருக்குக் கோஷ்டியில் நிலையான இடம் இல்லை. மனைவிக்குப் பிரசவ காலம் என்று இறுதி ஆட்டத்துக்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டார். பந்து வராத பக்கமாகவே பதினைந்து வருஷம் ஓடியிருக்கிறார் ஒரு மனிதர்.

ஊருக்கு வந்ததும் அந்தப் புரூப் திருத்தும் பெரியவரின் விலாசத்தைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினேன். நடந்தது என்னுடைய தப்பு, உங்களுடையது அல்ல என்று நாலு பக்கம் எழுதியிருந்தேன். பத்து நாளில் பதில் வந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே இருந்தது என் கடிதமேதான். மூன்று இடங்களில் ஒற்றுப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தி, அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.