மாடி ஏறாத பாடம்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். சங்கரன்கோவில் பக்கம் புது வீடு கட்டி முடிக்கிற நிலையில் இருக்கிறாள். "சார், நீங்க பிசிக்ஸ் சார்ங்கிறதால கேக்கேன். நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர்லாம் எதுக்கு? மார்கழி, தை ரெண்டு மாசத்துக்கு ஒரு ராடு வாங்கிப் போட்டாப் போதாதா?" என்று கேட்டாள்.

ராடு என்றதும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. "எழுதி அனுப்புதேம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவளுக்கு எழுத ஆரம்பித்தது எல்லாருக்குமாக இருக்கட்டும் என்று இங்கே போடுகிறேன். நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் அம்மா காலத்தில் வீட்டுப் பின்பக்கம் ஒரு செப்பு பாய்லர் இருந்தது. நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர். தென்னை மட்டையும் பனையோலையும் போட்டு விடிகாலையில் பற்ற வைப்பாள். ஆறு பிள்ளைகளும் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். புகையெல்லாம் அவளுக்கு. கடைசிக் காலத்தில் அவள் இருமிய இருமலைக் கேட்கும்போதெல்லாம் அந்த பாய்லர்தான் என் ஞாபகத்துக்கு வரும்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்ததும் நான் வாங்கியது ராடு. ஒன்றரை கிலோவாட். ஒரு வாளியில் போட்டால் கால் மணி நேரத்தில் வெந்நீர். புகை இல்லை, விறகு இல்லை. பெரிய முன்னேற்றம் என்றுதான் நினைத்தேன். உங்கள் டீச்சரம்மா இரண்டு மூன்று தடவை கீசர் வாங்கலாம் என்று கேட்டாள். "திருநெல்வேலியில கீசரா? சிரிப்பாங்க" என்று தட்டிக் கழித்தேன். அது சிக்கனம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

2018 டிசம்பர். மார்கழி பிறந்து சில நாள். காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வாசலில் கோலம் போடப் போவது அவள் வழக்கம். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறையில் வாளி உருண்ட சத்தம் கேட்டது. அவள் சத்தம் கேட்கவில்லை.

தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள். சுவிட்ச் அணைக்கவில்லை. விழுந்த வேகத்தில் வாளி சரிந்து ராடு வெளியே வந்துவிட்டது. அதனால்தான் பிழைத்தாள். முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு அந்த நேரத்தில் வந்ததும் தெய்வச் செயல்தான். காலில் வெந்நீர்க் காயம், வலது கை இரண்டு விரலில் கருகல். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். விவரமெல்லாம் எழுதிக்கொண்டே, "நீங்க என்ன வேலை பார்த்தீங்கய்யா?" என்று கேட்டார். "பிசிக்ஸ் வாத்தியார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த ராடின் மேலுறையில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். நான் அதைச் செருகியிருந்தது எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுப் பெட்டியில் அது இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அவள், "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீடு திரும்பியதும் குளியலறை ஒயரிங்கை மாற்ற ஆள் தேடினோம். வந்தவன் என் பழைய மாணவன். பிளம்பிங், எலக்ட்ரிகல் இரண்டும் செய்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் நிறையத் திட்டு வாங்கியவன். மத்தியானம் இரண்டு மணிக்கு என்னை மாடிக்குக் கூட்டிப்போய், தரையில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்த குழாயைக் காட்டி, "தொட்டுப் பாருங்க சார்" என்றான். ஜனவரி மாதம். கை சுட்டது.

எத்தனை சித்திரை, எத்தனை வைகாசி! மத்தியானக் குழாயில் தண்ணீர் கொதிக்கிறதே என்று புலம்பியிருக்கிறோம். வெயில் சும்மா கொண்டுவந்து தந்த வெந்நீரைத் திட்டிவிட்டு, மறுநாள் காலையில் காசு கொடுத்து ராடு போட்டிருக்கிறோம்.

உருண்டைக் குடுவையில் தண்ணீர் வைத்து, அடியில் ஒரு துணுக்கு பொட்டாசியம் பர்மாங்கனேட் போட்டு, சாராய விளக்கால் சூடேற்றிக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊதா நிறத்தில் ஒரு இழை மேலே ஏறும், பக்கவாட்டில் வளைந்து கீழே இறங்கும். வெப்பச் சலனம். பாதிப் பேர் குடுவையைப் பார்த்திருப்பீர்கள், மீதிப் பேர் ஜன்னலைப் பார்த்திருப்பீர்கள். சோலார் வாட்டர் ஹீட்டர் என்பது அந்தக் குடுவைதான். வெயிலில் சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலே இருக்கிற டேங்குக்கு ஏறும். குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். டேங்க் மட்டும் மேலே இருக்க வேண்டும். முப்பது வருஷம் கரும்பலகையில் நான் படம் போட்ட பாடம் என் வீட்டு மாடிப்படி ஏறவே இல்லை.

இது புதுசும் அல்ல. 1891-லேயே அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்புத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து வெந்நீர் எடுக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதில் ராத்திரி சூடு நிற்கவில்லை. 1909-ல் வில்லியம் பெய்லி, சூடேற்றும் பகுதியையும் தொட்டியையும் தனித்தனியாக்கித் தொட்டிக்கு வெப்பக்காப்பு கொடுத்தார். அதற்குப் பிறகுதான் விடிகாலைக் குளியலுக்கும் வெயில் உதவியது. இஸ்ரேலில் 1980-லேயே புது வீடுகளுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

கணக்கு போடாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி 20 லிட்டர். தொட்டித் தண்ணீர் 27 டிகிரி, குளிக்க 42 டிகிரி வேண்டும். 15 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல். மொத்தம் 1260 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3600 கிலோஜூல். ஆக ஒரு வாளிக்கு 0.35 யூனிட். வீட்டில் ஐந்து பேர், ஐந்து வாளி என்றால் நாளைக்கு 1.75 யூனிட். இரண்டு மாதப் பில்லுக்கு 105 யூனிட். அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டும் அப்படியே குளியலறைச் சாக்கடையில் போகிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் கட்டணப் பட்டியல் மாறிவிடும். அங்கே ஒரு வாளி வெந்நீர் நிஜமாகவே சுடும்.

வெயில் கணக்கு இப்படி. நம் பக்கம் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. 100 லிட்டர் தட்டை வகைக்கு 2 சதுர மீட்டர், அதாவது 10 யூனிட். பாதி வீணாய்ப் போனாலும் 5 யூனிட் நமக்கு மிச்சம். ஐந்து பேர் குளித்துப் பாத்திரமும் கழுவலாம்.

நாங்கள் போட்டது 100 லிட்டர் கண்ணாடிக் குழாய் வகை. எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இரட்டைச் சுவர்க் கண்ணாடி, நடுவில் வெற்றிடம், உள்குழாயில் கறுப்புப் பூச்சு. 1892-ல் ஜேம்ஸ் தேவார் செய்த ஃபிளாஸ்க்கைத்தான் நீட்டி வைத்திருக்கிறார்கள். தட்டை வகையில் செப்புக் குழாய்கள் இருக்கும். நீடித்து உழைக்கும், ஆனால் போர் தண்ணீரின் உப்பு அந்தச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும். எங்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர் வராத நாளெல்லாம் போர் தண்ணீர்தான். அதனால் கழற்றிக் கழுவ வசதியான கண்ணாடிக் குழாயே போதும் என்றான் மாணவன்.

அவன் சொல்லியும் நான் கேட்காத ஒன்று உண்டு. மாடியிலிருந்து குளியலறைக்கு வருகிற குழாய்க்கு வெப்பக்காப்பு சுற்றச் சொன்னான். கூடுதல் செலவு எதற்கு என்றேன். "சார், ஃபிளாஸ்க்ல டீயை வச்சுட்டு, குடிக்கதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே டம்ளர்ல ஊத்தி வச்சா சூடா இருக்குமா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் சுற்றவில்லை. ஒரு வருஷம் தினமும் காலையில் அரை வாளி பச்சைத் தண்ணீரைப் பிடித்த பிறகுதான் வெந்நீர் வந்தது. அதன் பிறகு அவனைக் கூப்பிட்டுச் சுற்றினேன். அன்றைக்கு அவன் ஆசிரியர், நான் கடைசி பெஞ்ச்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் ஒரு நாள் டேங்க் காலியானது தெரியாமல் மத்தியானம் மோட்டார் போட்டேன். காய்ந்து கொதித்துக் கிடந்த குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டு, ஒன்று பட்டென்று உடைந்தது. அப்படிக் காய்ந்துவிட்டால் சாயங்காலம் வரை பொறுத்துத்தான் தண்ணீர் விட வேண்டும். கோடையில் பாதிக் குழாய்களைச் சாக்குப் போட்டு மூடிவிடுவோம், இல்லையென்றால் தண்ணீர் கொதிக்கும். பேரன் குளிக்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாள் அது பச்சைத் தண்ணீர்தான் தரும். 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. வெயிலும் இல்லை, கரண்டும் இல்லை. கேஸ் அடுப்பில் சுட வைத்துத்தான் குளித்தோம். வருஷத்தில் அப்படிச் சில நாள் வரும். அந்தச் சில நாளுக்காக மீதி நாள் வெயிலை வீணாக்க வேண்டியதில்லை.

சொந்த மாடி இருப்பவர்கள் தெற்குப் பார்த்து, நிழல் விழாத இடத்தில் சோலார் போடுங்கள். மாடியில் மின்சாரத்துக்கான சோலார் தகடு போட்டவர்கள், 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் வாங்கிப் போட்டவர்களும் சரி, நல்ல கீசர் ஒன்றை மத்தியானம் 12 மணிக்குப் போட்டு வையுங்கள். தண்ணீர் மறுநாள் காலை வரை சூடு தாங்கும். விடுதி, பெரிய குடும்பம் என்றால் ஹீட் பம்ப் இருக்கிறது. அது ஃபிரிட்ஜின் தலைகீழ். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், விலைதான் அதிகம். மாடி உரிமை இல்லாத அபார்ட்மென்ட்காரர்கள் ஸ்டார் லேபிள் பார்த்துச் சின்ன கீசர் வாங்குங்கள், குளிக்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள்.

எதைப் போட்டாலும் போடாவிட்டாலும், வீட்டு மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இது ஏழாவது மார்கழி. காலையில் குழாயைத் திறந்தால் நேற்றைய வெயில் வாளியில் விழுகிறது. குளியலறையில் இப்போது ஒயரே கிடையாது. ஆனாலும் உங்கள் டீச்சரம்மா வாளியில் கை வைக்கும் முன்னால், சுவர் ஓரமாக ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வைக்கிறாள். அவளுக்கே அது தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

சங்கரன்கோவில் மாணவிக்கு: ராடு வேண்டாம்மா. கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மாடியில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் சார்