வலிக்கும் கரங்களுக்கும் ஊழியம் உண்டு



அப்போஸ்தலருடைய நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளைக் காண்கிறோம். அவள் மரித்தபோது, அவள் தங்களுக்காகச் செய்த உடைகளை விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள். உடைகளைப் பற்றி வேதம் சொல்லுகிறது; அவற்றைத் தைத்த விரல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த விரல்கள் ஒருநாள் மடங்க மறுத்திருந்தால், அவளுடைய ஊழியம் என்னவாகியிருக்கும்? சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு லுத்தரன் சபையின் விருந்தினனாக இருந்த நாட்களில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் வாரந்தோறும் மூத்த சகோதரிகள் கூடி ‘குவில்ட்’ என்னும் போர்வைகளைச் செய்வார்கள். பல நிறத் துணித் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சடுக்கு, கீழே அடித்துணி என மூன்றையும் ஒன்றாக்கி, ஆங்காங்கே கெட்டி நூலால் முடிச்சிடுவார்கள். 1945இல் தொடங்கப்பட்ட லுத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்னும் துயர்துடைப்பு அமைப்பு இவற்றைப் பெற்று, போரினாலும் பேரிடரினாலும் வீடிழந்தவர்களுக்கு அனுப்புகிறது. ஒரு போர்வையின் அளவு 60 அங்குலத்துக்கு 80 அங்குலம். அது பகலில் நிழல்தரும் கூரையாகும்; இரவில் குழந்தையைப் போர்த்தும்.

பத்து அங்குலச் சதுரங்களால் இதை அமைத்தால் 48 சதுரங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஓரங்கள். இதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது, ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்திய ரோட்டரி கட்டர் என்னும் சக்கரக் கத்தி. ஒரு கை அளவுகோலை அசையாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும்; மறு கை கத்தியை ஊன்றி உருட்டவேண்டும். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவருக்கு அந்த ஊன்றலே வேதனை. முடக்குவாதத்தால் மணிக்கட்டு வீங்கியவருக்கும், தோள் இறுகியவருக்கும் அப்படித்தான். அளவுகோல் சற்று நழுவினால் கூரிய கத்தி விரலில் ஏறிவிடும்.

வெட்டுதல் இந்த வேலையின் முதற்படி. அந்தப் படியில் ஏற முடியாதவர் முழு வேலைக்குமே வெளியே நின்றுவிடுகிறார். அங்கே ஒரு மூதாட்டி சில மாதங்களாகக் கூடுகைக்கு வரவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதாகச் சொல்லியிருந்தார். பேரப்பிள்ளைகளோ வேறு ஊரில் வசித்தார்கள். கைவலி என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. எத்தனையோ ஆண்டுகள் மற்றவர்களுக்குக் கொடுத்து வந்த கை, இப்போது உதவி கேட்கவேண்டிய நிலை. கொடுத்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பதைப் போதகர்கள் அறிவார்கள்.

அச்சங்கம் பிறகு மின்சாரத்தால் இயங்கும் துணிவெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்க ஆலோசித்தது. அதன் அமைப்பு எளிமையானது. ‘டை’ எனப்படும் பலகையில் எஃகுக் கத்திகள் வேண்டிய வடிவில் பதிந்திருக்கும். சுற்றிலும் மெத்தென்ற நுரைப்பொருள் இருப்பதால் விரல் எளிதில் கத்தியில் படாது. பலகையின்மேல் துணியை விரித்து, பருத்தியானால் பொதுவாக ஆறு அடுக்கு வரை வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தகட்டை மூடி, பொத்தானை அழுத்தினால் மோட்டார் உருளைகளைச் சுழற்றி எல்லாவற்றையும் உள்ளிழுத்து மறுபக்கம் தள்ளும். துணி அழுத்தத்தில் வெட்டுண்டு வரும். ஆறு அடுக்கில் அடுக்குக்கு ஒரு சதுரமென்றால், 48 சதுரங்களுக்கு எட்டு முறை போதும்.

ஆலோசனைக் கூட்டத்தில் இரண்டு தடைகள் எழுந்தன. முதலாவது, இயந்திரம் வெட்டினால் அது கைவேலை ஆகுமா என்பது. ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்கு 1851இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அந்தக் கேள்வி பழசாகிவிட்டது. எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம் வரவேண்டும் என்பதை மோட்டார் அறியாது. அது எடுத்துக்கொள்வது பலத்தை மட்டுமே. அந்த மூதாட்டியின் கண்ணும் அனுபவமும் அவரிடமே இருக்கின்றன.

இரண்டாவது தடை எளிதானதல்ல. ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்தை நமக்காகச் செலவிடலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். நேர்மையான கேள்வி. இயந்திரம் விலை அதிகம். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனிப் பலகை வாங்கவேண்டும். நான் விருந்தினன், ஆகையால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். முடிவில் அவர்கள் பணப்பெட்டியைத் தொடவில்லை. தங்களுக்குள் தனியாகக் காணிக்கை சேர்த்தார்கள். துணியைப் போலவே துணியைத் தைப்பவரும் காக்கப்படவேண்டியவர் என்று அவர்கள் கண்டதை நான் மறக்கவில்லை.

இயந்திரத்துக்கும் எல்லை உண்டு. அது கனமானது, வலியுள்ளவர் தூக்காதபடி ஒரு மேசையில் நிலையாக வைக்கவேண்டும். கைப்பிடியைச் சுற்றி இயக்கும் வகை விலை குறைவு. ஆனால் தோள்வலி உள்ளவருக்கு அந்தச் சுற்றலே பாரமாகலாம். துணியின் பாவு நூல் உருளைக்குள் செல்லும் திசையில் இல்லாவிட்டால் துண்டுகள் இழுபட்டுக் கோணலாகும். முதலில் துணியைப் பலகைக்கு ஏற்றபடி உத்தேசமாக நறுக்கவும் ஒரு கை வேண்டும். மூட்டைக் குணமாக்குவது அதன் வேலையல்ல. அதற்கு மருத்துவரிடம்தான் போகவேண்டும். இயந்திரம் வந்தபின்னும் எல்லாரும் திரும்பி வரவில்லை. அந்த மூதாட்டி வந்தார். பொத்தான் அருகே அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உத்தேசமாக நறுக்குகிற வேலையை இளைய பெண் ஒருத்தி ஏற்றுக்கொண்டாள்.

பிரியமானவர்களே, நம் சபையிலும் ஒருகாலத்தில் முன்நின்று ஊழியம் செய்து, இன்று ஏதோ ஒரு காரணம் சொல்லி ஒதுங்கியிருப்பவர்கள் உண்டு. படி ஏற முடியாத பாடகர், எழுத்து தெரியாத ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பாத்திரம் தூக்க முடியாத சமையற்கூடத்துச் சகோதரி. அவர்கள் வேலையை விரும்பாமல் விலகியதாக நினைத்துவிடாதிருப்போம். எந்தப் படியில் வலி அவர்களை நிறுத்தியது என்று இந்த வாரம் ஒருவரிடமாவது சென்று கேட்போம். சிலருக்கு ஒரு கருவி போதும், சிலருக்கு ஒரு நாற்காலி. சிலருக்கோ பக்கத்தில் நிற்கும் இன்னொருவரின் கரம் வேண்டியிருக்கும். கேட்டபின் அதைக் கொடுக்க ஆயத்தமாயிருப்போம்.

வலியோடிருக்கும் ஒவ்வொரு கரத்தையும் கர்த்தர் தாமே தாங்குவாராக. ஆமென்.